மருத்துவர்களின் மனநலம்: 48 மணி நேர ஆணை என்னவாயிற்று?

புது தில்லி: அரசு மருத்துவமனைகளில் உறைவிட மருத்துவர்களாகப் பணியாற்றும் முதுநிலை மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும்? இக் கேள்விக்கு மத்திய அரசு 1992-ம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 5-ம் தேதி சுகாதார அமைச்சகம் பிறப்பித்த ஆணையின்படி, இளநிலை உறைவிட மருத்துவருக்குச் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரப் பணி. தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை.

அதே ஆணையில் இன்னொரு வாசகமும் உண்டு. பணிச் சுமையையும், இருக்கும் மருத்துவர்களின் எண்ணிக்கையையும் கருத்தில் கொண்டு, பணி நேரத்தை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் நெகிழ்வாகத் தீர்மானிக்கலாம் என்பதே அது. ஆணையின் பயன் அந்த ஒரு வரியோடு தீர்ந்தது.

கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் பணியிலிருந்த பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்ட வழக்கை, உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. அப்போது, நாடெங்கும் இளம் மருத்துவர்களிடம் 36 மணி நேரம் வேலை வாங்கப்படுவது மனிதத் தன்மையற்றது என அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் கவலை தெரிவித்தார்.

அதே மாதத்தில், மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்துத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கையும் வெளியானது. பெங்களூர் நிம்ஹான்ஸ் பேராசிரியரைத் தலைவராகக் கொண்ட குழு அது. இணைய வழியில் விரும்பிப் பதிலளித்தவர்களிடம் நடத்திய ஆய்வு என்பதால் ஓரளவு எச்சரிக்கையுடன்தான் அதைப் படிக்க வேண்டும். ஆயினும் பதிலளித்தோர் தொகை சிறியதல்ல: இளநிலை மாணவர்கள் 25,590 பேர், முதுநிலை மாணவர்கள் 5,337 பேர். இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதத்தினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறியுள்ளனர். முதுநிலை மாணவர்களில் 31 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் எழுந்தது உண்டு என்றும், பாதிக்கும் மேற்பட்டோர் வார விடுமுறை முறையாகக் கிடைப்பதில்லை என்றும் தெரிவித்துள்ளனர்.

குழுவின் பரிந்துரை என்ன? வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்பது. ஒரு நாள் 24 மணி நேரப் பணி, ஐந்து நாள்கள் தலா 10 மணி நேரம், ஒரு நாள் ஓய்வு. 1992-ல் 48 என்றிருந்த எண், நலம் காக்க வந்த அறிக்கையில் 74 ஆகிவிட்டது! அதையும் குறைப்பு என்று ஏற்க வேண்டிய நிலையில் மருத்துவமனைகள் இருப்பதுதான் வேதனை.

யோகா, ஆலோசனை மையம், 24 மணி நேரமும் இயங்கும் 14416 என்ற 'டெலி மானஸ்' தொலைபேசி உதவி ஆகியவையும் பரிந்துரைகளில் உள்ளன. இவை தேவையே. ஆனால் தன் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குச் செல்லும் மருத்துவரைச் சந்திக்கப் போகிறவர்கள் அவருடைய ஆசிரியர்களும் சகாக்களும்தான். இடையில் படிப்பைக் கைவிட்டால் பல லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குமாறு மாநிலங்களுக்கு 2024 ஜனவரியில் ஆணையம் எழுதியது. ஆணையத்தால் எழுதத்தான் முடிந்தது.

நாடாளுமன்றத்தில் மருத்துவமனைகள் பற்றிக் கேள்வி எழுந்தால், சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு என்று பதில் வருவது வழக்கம். மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மை. மருத்துவக் கல்வியோ பொதுப் பட்டியலில் உள்ளது. உறைவிட மருத்துவர் மாணவர், ஊழியர் இரண்டுமாக இருப்பதால், இரு அரசுகளும் அவரைக் கைகாட்டி ஒதுங்க வழி பிறக்கிறது.

அமெரிக்காவில் 2003-ல் வாரத்துக்கு 80 மணி நேரம் என வரம்பு வந்தது. அதுவும் அதிகம்தான். ஆனால் அதை மீறும் மருத்துவமனை பயிற்சி அளிக்கும் அங்கீகாரத்தையே இழக்க நேரிடும். இங்கே 2023 டிசம்பரில் அறிவிக்கை செய்யப்பட்ட முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் 'நியாயமான பணி நேரம்' என்று மட்டுமே கூறுகின்றன. எது நியாயம் என்பது துறையின் பணிப் பட்டியலைப் பொறுத்தது. அப் பட்டியலை முடிவு செய்யும் பேராசிரியர்களிடம்தான் மாணவர் தம் ஆய்வேட்டுக்கும் கையெழுத்துப் பெற வேண்டும்.