பத்து வயசுப் பிள்ளைக்கு 10 தொகுதி: யார் இந்தப் பெ.தூரன்?

கூத்தாநல்லூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது, ஐந்தாவது படிக்கும் அவள் மகன் கேட்டான்: “மாமா, மேட்டூர்ல தண்ணி திறந்தா நம்ம வாய்க்காலுக்கு வர ஏன் இத்தனை நாளாகுது?” கனஅடி, மதகு, கல்லணை என்று ஆரம்பித்தேன். ரெண்டே நிமிஷத்தில் பையன் ஓடிவிட்டான்.

விஷயம் தெரிவது வேறு, பிள்ளைக்குச் சொல்லத் தெரிவது வேறு. இரண்டிலும் கெட்டிக்காரர் பெரியசாமித் தூரன்.

யார் இவர்?

1908-ல் ஈரோடு பக்கம் பிறந்தவர். சென்னையில் கணிதம் படித்தார். 1931-ல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது, பட்டத்துக்கான இறுதித் தேர்வை எழுத மறுத்தார். பிறகு கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியர், தலைமையாசிரியர். வகுப்பறையில் பார்த்த பிள்ளைகளின் மனசைப் பற்றியும் எழுதினார். பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் எழுதினார். ‘முருகா முருகா’ உள்ளிட்ட கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளும் இவருடையவைதான்!

பெரிய வேலை எது?

வித்யாலயத்தை நிறுவிய தி.சு.அவினாசிலிங்கம், சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். தமிழ் வளர்ச்சிக் கழகம் மூலம் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவர நினைத்தார். முதன்மைப் பதிப்பாசிரியர் தூரன். துறைவாரியாக அறிஞர்களிடம் கட்டுரை வாங்கி, கலைச்சொற்களைச் சரிபார்த்து, 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகள் வந்தன. 1968-ல் பத்மபூஷண் கிடைத்தது.

அப்போது அவருக்கு வயது 60. ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டில் ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ வெளிவரத் தொடங்கியது. எளிய நடை, நிறையப் படங்கள். 1976-ல் 10 தொகுதிகளும் முடிந்தன. 1987-ல் தூரன் காலமானார்.

நமக்கு என்ன?

இரண்டு களஞ்சியங்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மொபைல் போதும்.

ஒரு சிக்கல் உண்டு. கடைசித் தொகுதி வந்த 1976-ல் செல்போன் இல்லை, இன்டர்நெட் இல்லை. அறிவியல் எங்கேயோ போய்விட்டது. பழைய தகவலை அப்படியே பிள்ளையிடம் கொடுக்க முடியாது. அந்த நடையை எடுத்துக்கொண்டு, தகவலைப் புதுப்பிக்க ஆள் வேண்டும். துறை தெரிந்தவரும், பிள்ளைகளோடு பழகியவரும் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை அது. தூரனுக்குப் பிடித்தது எட்டு வருஷம்.

அக்கா மகனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த தடவை கனஅடியில் ஆரம்பிக்க மாட்டேன். அவன் வீட்டு வாய்க்காலில் ஆரம்பித்து, மேட்டூர் வரை எதிர்த்திசையில் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன்.