கிராஃபிக்ஸ் கார்டும் என் சீட்டுப் பணமும்

எங்கள் பெரியவன் 2024 மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த மறுநாளே ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, என் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேணும். ஆர்.டி.எக்ஸ். 4070. ஐம்பத்தஞ்சாயிரம்தாம்மா!"

அந்த 'தாம்மா'வைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டி நழுவியது. என்னிடம் இருந்ததோ சீட்டு எடுத்த நாற்பதாயிரம். அதில் பதினைந்தாயிரம், அடகில் இருக்கும் என் கம்மலை மீட்க. ஆடிக்குள் மீட்காவிட்டால் கெடு தாண்டிவிடும். "இருபத்தஞ்சாயிரம் தர்றேன், அதுக்கு மேலே ஒரு பைசா கிடையாது" என்றேன்.

"அதுக்கு நல்ல கார்டே வராது. உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். தெரியாதுதான். தெரிந்துகொண்டால் போகிறது! கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் என் ஓரகத்தி மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லி, குடைந்து குடைந்து கேட்டேன்.

கிராஃபிக்ஸ் கார்டு என்பது திரையில் வரும் படங்களை வரைவதற்கென்றே உள்ள தனிக் கருவி. சாதாரண உபயோகத்துக்கு அது வேண்டியதில்லை. பெரிய பெரிய விளையாட்டுகளுக்கு வேண்டும். அந்தப் பிள்ளை கார்டைப் பற்றிப் பேசாமல் முதலில் மானிட்டரைத்தான் பார்த்தான். "சித்தி, இது 1080 மானிட்டர். விநாடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 150 படம் வரைஞ்சாலும் பார்க்கிறது அறுபதுதான். 4070 இதைவிடப் பெரிய திரைக்கு ஏத்தது" என்றான். நாலு பேர் வீட்டில் கல்யாண அண்டாவில் சோறு வடித்த மாதிரி!

அடுத்து, என்ன விளையாடுகிறான்? வாலரன்ட், ஜி.டி.ஏ. 5. முதலாவது சின்ன கார்டிலேயே ஓடும். இரண்டாவது கம்ப்யூட்டருக்கு வந்தது 2015ல். "காலேஜ் படிப்புக்கும் வேணும்மா" என்று ஒரு போடு போட்டான். படிப்பு என்றால் அம்மாமார்கள் உருகிவிடுவோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஓரகத்தி மகனோ, "முதல் வருஷ இன்ஜினீயரிங்குக்கு இது எதுக்குடா?" என்று சிரித்துவிட்டான். ஆனால் பிள்ளை பிளெண்டர் மாதிரி முப்பரிமாணப் படம் செய்யப் பழகுகிறவனாக இருந்தால் என்விடியா கார்டு பார்ப்பது உசிதம், வெறும் விளையாட்டு என்றால் ஏ.எம்.டி.யில் காசுக்குக் கூடுதல் பலன் கிடைக்கும் என்றான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்தது அடுத்த விஷயத்துக்குத்தான். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். எங்களுடையது பேர் தெரியாத மலிவு சரக்கு. "450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான், நம்பாதீங்க. இதுல நல்ல கார்டைப் போட்டா ஒருநாள் கார்டையும் சேர்த்துக் கொண்டு போயிடும்" என்றான். ஆக, நம் பட்ஜெட் கார்டுக்கு மட்டும் அல்ல, இதற்கும் சேர்த்துத்தான். கடையில் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை.

கார்டு உள்ளே நுழையுமா? சில கார்டுகள் 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். ரவிக்கை அளக்கும் டேப்பை எடுத்து நானே கேபினெட்டை அளந்தேன். அதற்குப் பிறகுதான் பெரியவன் என்னை மரியாதையாகப் பார்த்தான்!

பெட்டியில் '4 ஜி.பி.' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2014ல் வந்த ஜி.டி. 730லும் 4 ஜி.பி. உண்டு, புது விளையாட்டுக்கு உதவாது. என்விடியாவில் 4060 என்றால் 40 தலைமுறை, 60 அதன் பலம். ஆரணிப் பட்டு எடுக்கும்போது சரிகையைக் கேட்கிறோமே, அதுபோல இதில் நம்பரைக் கேட்க வேண்டும்.

பழைய கார்டு வாங்கலாமே என்று என்னவர் சொன்னார். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்குக் கார்டு வைத்துச் சம்பாதிக்கும் முறை நின்றுபோனது. அதுவரை ராப்பகலாக உழைத்த கார்டுகள் விற்பனைக்கு வந்தன. அதுகூடப் பரவாயில்லை. எதிர் வீட்டுப் பையன் எட்டாயிரத்துக்கு வாங்கியது, உள்ளே பழைய கார்டு, பெயரை மட்டும் புதுசாக மாற்றியது! ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச புரோகிராமில் போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பில் இல்லை, யாரைக் கேட்பது? அந்த அம்மா அழுததைப் பார்த்தபின் பழசு என்ற பேச்சையே விட்டோம்.

இங்கே ஊரில் ஒரு கடையில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள், ஆயிரத்தைந்நூறு கூட. சென்னையில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு வந்தது வசதியாகப் போயிற்று. பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்து (கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது) கிளம்பி, ரிச்சி தெருவுக்குப் போனோம். நாலு கடை ஏறி இறங்கினோம். ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600, 8 ஜி.பி., ஜி.எஸ்.டி.யோடு 21,500. அதே விலைக்கு என்விடியாவில் ஆர்.டி.எக்ஸ். 3050தான் கிடைத்தது, விளையாட்டில் அதைவிட 6600தான் வேகம். 4060க்கு இன்னும் ஆறாயிரம் வேண்டும். பெரியவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கும் மனசு கொஞ்சம் ஆடியது, பொய் சொல்வானேன்! காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, 6600ஐயே எடு என்றேன். நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். 3,400. மொத்தம் 24,900. சீரியல் நம்பர் எழுதிய பில்லும் மூன்று வருஷ வாரன்டியும் வாங்காமல் கடையை விட்டு இறங்கவில்லை.

இப்போது வாங்குகிறவர்களுக்கு 2025ல் வந்த 5060, 9060 எக்ஸ்.டி. எல்லாம் இருக்கின்றன. விலையை அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். 8 ஜி.பி.க்குக் குறைந்து மட்டும் வேண்டாம்.

வீட்டில் மாட்டியதும் எல்லாம் நன்றாகவே ஓடின. ஆடிப்பெருக்கன்று கம்மலும் என் காதுக்கு வந்துவிட்டது. நம் ஊர் வெயிலுக்குக் கம்ப்யூட்டரை அலமாரிக்குள் அடைக்காமல் வெளியே வைத்து, மாதம் ஒருமுறை தூசி தட்டச் சொல்லியிருக்கிறேன். பழைய சின்ன யு.பி.எஸ். இந்தப் பாரத்தைத் தாங்காமல் கீச் கீச் என்று கத்தியது. அதற்குத் தீபாவளிவரை பொறு என்று சொல்லிவிட்டேன். விளையாடும்போது மொத்தம் 250 வாட்ஸ் என்று வைத்தால், தினம் மூன்று மணிக்கு முக்கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். 500ஐத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடுகிறது அல்லவா? அதனால் ஃப்ரிட்ஜின் மேல் ஒரு காலண்டர் அட்டையை ஒட்டி, விளையாடிய மணியை அவனையே எழுத வைத்திருக்கிறேன். சில நாள் மறந்துபோகிறான். நான் மீட்டரைப் பார்த்து எழுதிவிடுகிறேன்.