குறுக்கே கோடு போட்ட 2

மருத்துவமனைக் குப்பை என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது 2024 டிசம்பர்தான். கேரளத்திலிருந்து லாரியில் வந்து திருநெல்வேலிப் பக்கக் கிராமங்களில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு, வந்த வழியே திரும்ப ஏற்றி அனுப்பினார்கள். அது கண்ணில் பட்ட குப்பை. படம் எடுக்கலாம், வழக்குப் போடலாம். ஆபரேஷன் தியேட்டரில் மயங்கிக் கிடப்பவர் விடும் மூச்சோடு வெளியேறுவதை யார் படம் எடுப்பது?

மயக்கம் கொடுக்கும் வாயுக்களை உடல் ஏறக்குறைய செரிப்பதே இல்லை. உள்ளே போனது மூச்சோடு வெளியே வந்து, குழாய் வழியாகக் கட்டடத்துக்கு மேலே போய்ச் சேர்கிறது. டெஸ்ஃப்ளூரேன் என்று ஒரு மருந்து. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதில் ஒரு கிலோ பூமியைச் சூடாக்கும் அளவு, 2,500 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். அதே வேலையைச் செய்யும் செவோஃப்ளூரேனுக்கு இந்த எண் 200-ஐத் தொடவில்லை. மருந்தை மாற்றினால் போதும் என்று முதலில் சொல்லத் தொடங்கியவர்களில் மயக்கவியல் மருத்துவர்கள் முக்கியமானவர்கள். ஸ்காட்லாந்து 2023-ல் டெஸ்ஃப்ளூரேனை நிறுத்தியது, 2024-ல் இங்கிலாந்து. தவிர்க்க முடியாத சில நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு.

இந்த விஷயத்தில் பிரிட்டன் கொஞ்சம் முன்னால் ஓடுகிறது. அங்கே 1948 முதல் மருத்துவம் அரசின் பொறுப்பு. 2020 அக்டோபரில், நேரடியாகத் தான் வெளியிடும் கரியமிலத்தை 2040-க்குள்ளும், வாங்கும் பொருட்களையும் சேர்த்த மொத்தத்தை 2045-க்குள்ளும் நிகரப் பூஜ்யமாக்குவேன் என்று இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை அறிவித்தது. 2022-ல் அதைச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். அந்த மருத்துவமனைகளில் பணியாற்றும் தமிழ் டாக்டர்களும் நர்ஸ்களும் ஏராளம் என்பதால், வாட்ஸ்அப் வழியாகவாவது இந்தப் பேச்சு நம் வீடுகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

எடின்பரோ பகுதி மருத்துவமனைகளில் நடந்தது இன்னும் சுவாரஸ்யமானது. நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு, 1840-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. வெளியே விட்டால் நூறாண்டுக்கு மேல் காற்றிலேயே தங்கும். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்று சிலிண்டர் அறை உண்டு. அங்கிருந்து செம்புக் குழாய் வழியாகத் தியேட்டர்களுக்குப் போகும். எடின்பரோவில் யாரோ ஒரு கணக்குப் பிள்ளை புத்தியோடு, வாங்கிய வாயு எவ்வளவு, நோயாளிகளுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வாங்கியதில் பெரும்பகுதி எந்த நோயாளியின் மூக்குக்கும் போய்ச் சேரவே இல்லை! வால்வில் கசிவு, பழைய குழாயில் கசிவு, பாதி தீர்ந்த நிலையில் கழற்றிய சிலிண்டர்கள். மருத்துவர்கள் இந்த வாயுவைக் கொடுப்பதைக் குறைத்துப் பல வருடமாகியும் குழாய் மட்டும் பழையபடி நிரம்பியே இருந்தது.

தீர்வு எளிது. குழாயை மூடு, தேவைப்பட்டால் மெஷினிலேயே சின்ன சிலிண்டரை மாட்டு. சிகிச்சையில் ஒன்றும் மாறவில்லை. நோயாளிக்கு விஷயமே தெரியாது. பணமும் மிச்சம். நம் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் சிலிண்டர் அறை இருக்கிறது, குழாய் இருக்கிறது, இரண்டு ரெஜிஸ்டர்களும் இருக்கின்றன. ஒரு மாதக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க நிபுணர் குழு எதுவும் தேவையில்லை.

ஆனால் வாயு விவகாரம் சொல்லவும் கேட்கவும் நன்றாக இருக்கிறதே தவிர, பெரிய கணக்கு அதில் இல்லை. இங்கிலாந்தின் 2019-ஆம் ஆண்டு கணக்கில், மொத்த உமிழ்வில் 62 சதவீதம் வாங்கும் பொருட்களிலும் அவற்றின் பின்னணியிலும்தான். மருந்து, கருவி, உறை, அங்கி, டியூப். என் கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மருத்துவப் பொருட்களின் அட்டைப் பெட்டியை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் 2 என்று போட்டு அதன் குறுக்கே ஒரு கோடு இருக்கும். இரண்டாம் முறை பயன்படுத்தாதே என்று அர்த்தம். உலகம் முழுக்க அதே குறிதான். ஒரு பொருளை அப்படி முத்திரை குத்துவது பெரும்பாலும் அதைத் தயாரிக்கிறவர். திரும்பப் பயன்படுத்தலாம் என்று நிரூபித்துக் காட்டுவதால் அவருக்கு என்ன லாபம்? ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் அந்தக் கோடு நியாயம். 1986-ல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்த பிறகு, கொதிக்க வைத்த கண்ணாடி சிரிஞ்சுக்காக யாரும் அழவில்லை. ஆனால் எஃகுக் கத்தரிக்கோலுக்கும் துணி அங்கிக்கும் எதற்குக் கோடு?

இதில் பிரிட்டனே ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. ‘மேட் கவ்’ நோய்ப் பீதி உச்சத்தில் இருந்தபோது, அதைப் பரப்பும் புரதத்தை ஆட்டோகிளேவ் அழிக்காது என்ற பயத்தில், 2001 ஜனவரியில் டான்சில் அறுவைக்கு ஒருமுறைக் கருவிகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இங்கிலாந்தில் உத்தரவு போட்டார்கள். புதுக் கருவிகள் வந்த பிறகு ரத்தக்கசிவு கூடியதாகப் புகார்கள் குவிந்தன. அதே டிசம்பரில் பழைய கருவிகளுக்குத் திரும்ப அனுமதி கொடுத்துவிட்டார்கள். புதிதாகப் பிரித்தது எல்லாமே பத்திரம் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

லண்டனில் குழந்தைகளுக்கான ஒரு மருத்துவமனை 2018-ல் இன்னும் எளிய கேள்வி கேட்டது: இந்த வேலைக்குக் கையுறை வேண்டுமா? மாத்திரை கொடுக்க, குழந்தையைத் தூக்கி நகர்த்த, எல்லாவற்றுக்கும் நர்ஸ்கள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே சுமார் 21 டன் பிளாஸ்டிக் மிச்சம்.

இதையெல்லாம் அவர்கள் கஷ்டப்பட்டுத் திரும்பக் கற்றுக்கொண்டிருக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பச்சைத் துணியைத் துவைத்து, மடித்து, டிரம்மில் அடுக்கி, ஆட்டோகிளேவில் ஏற்றும் அலுப்பான வேலையைக் கைவிட்டு, பிரித்ததும் வீசும் ‘கிட்’டுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். கொரோனா காலம் அதை வேகப்படுத்தியது. தனியார் மருத்துவமனை பில்லில் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்ற வரிக்கு எதிரே வரும் தொகையைப் பார்த்து வாயடைத்து நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! அரசு மருத்துவமனைக்கும் அதுவே நவீனத்தின் அடையாளமாகிவிடுமோ என்பதுதான் பயம்.

வழி தெரியாமல் தவிக்கும் நிலையும் இல்லை. மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய கண் மருத்துவமனையைப் பற்றித் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது அரசு மருத்துவமனை அல்ல; ஆனால் ஏழைகளுக்கான வேலையை அரசுக்கு நிகரான அளவில் செய்கிறது. அதன் புதுச்சேரிக் கிளையில் ஒரு கண்புரை அறுவைக்கு ஆகும் கரியமிலக் கணக்கை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள்: சுமார் 6 கிலோ. வேல்ஸில் கார்டிஃப் நகரில் அதேபோன்ற அறுவைக்கு முன்பு கணக்கிட்டிருந்தது சுமார் 180 கிலோ. புதுச்சேரியில் ஓர் அறுவைக்கு விழுந்த குப்பை கால் கிலோ. அதிலும் பெரும்பகுதி மறுசுழற்சிக்குப் போய்விட்டது. கருவிகளை அடுத்தடுத்த நோயாளிக்கு வேகமாகச் சுத்திகரிக்கிறார்கள், ஒரே சொட்டு மருந்து பாட்டிலைப் பலருக்குப் பயன்படுத்துகிறார்கள். மேல்நாட்டு விதிகள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கும். அறுவையின் பலன் அங்குள்ளதற்குக் குறைவில்லை என்பதே ஆய்வின் முடிவு.

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவினர், எல்லா மருத்துவமனையிலும் அந்த ஒழுங்கு வராது, ஒருமுறைப் பொருள்தான் உத்தரவாதம் என்கிறார்கள். இருக்கலாம். அப்படியானால் ஒழுங்குக்குச் செலவு செய்யலாமே. ஆட்டோகிளேவ் டெக்னீஷியன் பணியிடம் காலியாகக் கிடந்தால் எந்த மருத்துவமனையும் கிட்டுக்குத்தான் ஓடும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு 1995 முதல் மருந்து வாங்கிக் கொடுப்பது ஒரே அரசு நிறுவனம். பல மாநிலங்கள் பார்த்துக் காப்பியடித்த ஏற்பாடு. எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் என்பது அதன் பலம். ஆனால் ஒருமுறை அங்கியின் விலையை மட்டும் கேட்டால் அது மலிவாகத்தான் தெரியும். மஞ்சள் பையில் போட்டு, வண்டியில் ஏற்றி, 800 டிகிரிக்குக் குறையாத உலையில் எரிக்கும் செலவு வேறொரு மேசைக் கணக்கு. துணி அங்கியை ஒரு தரம் துவைத்து எடுக்க என்ன ஆகும், ஒருமுறை அங்கியை வாங்கி எரிக்க என்ன ஆகும் என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொல்லி டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் முதல், கரியமிலத்தைக் குறைப்பது பற்றி எதுவும் சொல்லாத சப்ளையருக்குப் புது ஒப்பந்தம் கிடைப்பதில்லை. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அங்கியிலிருந்தும் பச்சைத் துணியிலிருந்தும் ஆரம்பிக்கலாம். ஒரே இடத்தில் வாங்குவதால், ஒரே கையெழுத்தில் எல்லா மாவட்டத்துக்கும் அது போய்ச் சேரும்.