மக்ஸன் முதல் மேகசின் வரை

கல்லூரி ஆண்டிதழை நம் மாணவர் 'மேகசின்' என்பர். காவல்துறைச் செய்திகளிலோ அது துப்பாக்கியில் தோட்டாக்கள் அடைக்கும் கூட்டின் பெயர். பிரெஞ்சு மொழியில் 'மகஸேன்' என்றால் கடை. இதழுக்கும் தோட்டாவுக்கும் கடைக்கும் உறவு யாது?

விடை அரபு மொழியில் உள்ளது. 'கஸன' என்னும் அரபு வினைக்குச் 'சேமித்து வைத்தான்' என்பது பொருள். வினை வேரின் முன் 'ம' சேர இடப்பெயர் பிறத்தல் அம்மொழியின் மரபு. எழுதுமிடம் மக்தப், ஸுஜூது செய்யுமிடம் மஸ்ஜித், அவ்வாறே சேமிக்குமிடம் மக்ஸன். அதன் பன்மை மகாஸின்.

மத்தியதரைக் கடல் வணிகர் வாயிலாக இச்சொல் 13ஆம் நூற்றாண்டிலேயே மார்சேய் நகரத்து இலத்தீன் ஆவணங்களில் இடம்பெற்றது. இத்தாலியர் 'மகத்ஸீனோ' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'மகஸேன்' என்றனர். அரபியர் நெடுங்காலம் ஆண்ட ஸ்பெயினிலோ 'அல்' என்னும் முன்னொட்டும் ஒட்டிக்கொள்ள 'அல்மசேன்' ஆயிற்று. பிரெஞ்சில் முதலில் கிடங்கைக் குறித்த சொல், பின்னர் சரக்கு வைத்து விற்கும் கடையையும் குறிக்கலாயிற்று. ருஷ்யரும் கடையை 'மகஸீன்' என்றே வழங்குவர். வியப்பு யாதெனில், அரபியரின் அண்டை வீட்டாராகிய பாரசீகரும் கடையைக் குறிக்கும் 'மகாஸே' என்னும் சொல்லைப் பிரெஞ்சிலிருந்தே பெற்றனர்!

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் புகுந்த சொல், அங்கே வெடிமருந்துக் கிடங்கையும் சுட்டிற்று; துப்பாக்கியின் தோட்டாக் கூடு அதன் வழிவந்ததே. 1731இல் இலண்டனில் எட்வர்ட் கேவ் என்பார் பிற ஏடுகளின் செய்திகளைத் திரட்டி மாத இதழொன்று தொடங்கினார். செய்திக் கிடங்கு என்னும் கருத்தில் அதற்கு 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' எனப் பெயரிட்டார். உருவகமாக இட்ட பெயர் நாளடைவில் இதழ்களின் பொதுப்பெயராகவே நிலைத்தது. பிரெஞ்சுக்காரர் தாம் கொடுத்த சொல்லை இப்புதுப் பொருளோடு திரும்பப் பெற்று, 'மகஸீன்' எனத் தனிச்சொல்லாக வைத்துக்கொண்டனர். கடைக்கு ஒன்று, இதழுக்கு ஒன்று!

தமிழில் நாம் வழங்கும் 'கஜானா'வும் இவ்வேரினதே. அது வந்த வழிதான் வேறு: பாரசீகம், உருது வழியே வந்தது. ஆகவே, 'மேகசின்' ஆங்கிலச் சொல் என்று மட்டும் குறித்து அமைவது பாதி உண்மையே என்பது எம் கருத்து.

அரபியரிடம் மக்ஸன் இன்றும் கிடங்குதான். இதழை அவர்கள் 'மஜல்லா' என்கின்றனர்.