ஃபோவிங்கெல்: ஒரு புறநகரும் அதன் எல்லையும்

வுப்பர்டால் என்ற பெயர் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு விடயங்களால் அறிமுகமானது. ஒன்று, ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் றெயில். மற்றது, 1820இல் அங்கு பார்மனில் ஒரு பஞ்சாலை முதலாளியின் மகனாகப் பிறந்த ஃபிரெட்ரிக் ஏங்கெல்ஸ். இக்கட்டுரை இந்த இரண்டையும் பற்றியது அல்ல. தொங்கு றெயில் மேற்கே போய் முடியும் இடத்தில் இருக்கும் ஃபோவிங்கெல் என்ற புறநகரைப் பற்றியது. அங்கு பார்ப்பதற்கென்று அதிகம் இல்லை. 30,000க்குச் சற்று மேற்பட்ட சனத்தொகை, ஒரு நீண்ட கடைத்தெரு, ஒரு றெயில் ஸ்ரேசன், காலையில் போய் மாலையில் திரும்பும் மனிதர்கள். ஆனால் ஓர் 'எல்லை' எவ்வாறு உருவாகிறது, அது யாருக்கு எல்லையாக இருக்கிறது, யாருக்கு இல்லாமற் போகிறது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வாறான ஊர்களே அதிகம் உதவுகின்றன எனலாம்.

முதலில் ஊர் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஃபோவிங்கெலை உருவாக்கியது ஆறோ, கோட்டையோ, தேவாலயமோ அல்ல, றெயில் பாதை. டுசெல்டோர்ஃபிலிருந்து எல்பர்ஃபெல்ட் நோக்கிய பாதை 1838இல் எர்க்றாத் வரையும் 1841இல் ஃபோவிங்கெல் வரையும் வந்து, அதே ஆண்டில் எல்பர்ஃபெல்டை அடைந்தது. மேற்கு ஜேர்மனியின் முதல் நீராவி றெயில் பாதை இது. அதுவரை ஃபோவிங்கெல் ஒரு சிறு குடியிருப்பு மாத்திரமே. 1847இல் வடக்கேயிருந்து, றூர் நிலக்கரிப் பிரதேசத்தின் ஸ்ரீலயிலிருந்து, இன்னொரு பாதை வந்து அங்கு சேர்ந்தது. வுப்பர் பள்ளத்தாக்கின் நெசவாலைகளுக்கும் சாயப் பட்டறைகளுக்கும் நிலக்கரி தேவை. அதைக் கொண்டுவரும் பாதைகள் சந்திக்கும் இடத்தில் றெயில் தொழிலாளர் குடியேறினர், பட்டறைகள் வந்தன, கடைகள் வந்தன. பக்கத்தில் டோர்னாப்பில் சுண்ணாம்புக்கல் அகழப்பட்டு றூரின் உருக்காலைகளுக்குப் போயிற்று.

தொங்கு றெயிலும் இந்தக் கதையின் தொடர்ச்சியே. பள்ளத்தாக்கு ஒடுக்கமானது; ஆலைகளும் வீடுகளும் இரு கரைகளையும் அடைத்து நின்றன. நிலத்தில் இடம் இல்லாததால் ஆற்றுக்கு மேலே போனார்கள். 1901 மார்ச்சில் முதற்பகுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் ஃபோவிங்கெல் வரை நீண்டது. 1903இல் கிழக்கு முனை முடிந்தது. மொத்தம் 13.3 கிலோமீற்றர், 20 தரிப்புகள். இதில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் ஆற்றின் மேல். கடைசி மூன்று கிலோமீற்றர் அளவில் மட்டும் அது ஆற்றை விட்டு விலகி, ஃபோவிங்கெல் கடைத்தெருவான கைசர்ஸ்ற்றாசவின் நடுவே இரும்புக் கால்களில் நின்று, மாடி வீட்டு ஜன்னல்களுக்கு நேரே ஓடுகிறது.

இங்கே ஒரு விடயம் கவனத்திற்குரியது. இது கட்டப்பட்டபோது எல்பர்ஃபெல்ட், பார்மன், ஃபோவிங்கெல் ஆகியன ஒன்றுக்கொன்று சொந்தமற்ற தனித்தனி நிர்வாகங்கள். வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அந்த எல்லைகளைக் கடந்தார்கள். 1921இல் ஃபோவிங்கெலுக்கு நகர அந்தஸ்து கிடைத்தது. எட்டு ஆண்டுகள்தான்; 1929 ஓகஸ்ட் 1ஆம் திகதி எல்பர்ஃபெல்ட், பார்மன், றொன்ஸ்டோர்ஃப், கிரோனன்பெர்க் ஆகியவற்றோடு இணைக்கப்பட்டு ஒரே நகரமாகியது. 1930இல் அந்நகருக்கு வுப்பர்டால் என்று பெயர் வந்தது. அதாவது மக்களின் நடமாட்டம் முதலில் எல்லையைக் கடந்தது. நிர்வாகம் 28 ஆண்டுகள் கழித்துப் பின்னால் வந்து சேர்ந்தது. 1975இன் நிர்வாகச் சீர்திருத்தத்தில் எல்லை மறுபடியும் நகர்ந்தது. ஷோலர் கிராமம் வுப்பர்டாலுக்கு வந்தது. அயலூரான குறூய்ட்டனின் பெரும்பகுதி ஹான் நகரோடு சேர்ந்து மெற்மன் மாவட்டத்தில் தங்கியது. எல்லைக்கோடு புனிதமான ஒன்றல்ல. தேவை வந்தபோதெல்லாம் இழுத்து வளைக்கப்பட்டது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் நிலைமை மாறியது. 1946இல் வடறைன்-வெஸ்ற்பாலியா மாநிலம் உருவாக, டுசெல்டோர்ஃப் அதன் தலைநகராகியது. அமைச்சுகள், வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள் அங்கு பெருகின. இங்கே நெசவுத்தொழில் படிப்படியாகத் தேய்ந்தது. 1960களில் நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்த வுப்பர்டாலின் சனத்தொகை இன்று சுமார் மூன்று இலட்சத்து அறுபதாயிரம். வேலை மேற்கே போயிற்று. மலிவான வீட்டு வாடகை இங்கே நின்றது. 1988இல் எஸ்-8 நகர றெயில் ஓடத் தொடங்கியபோது ஃபோவிங்கெல் முழுமையாக ஒரு 'பெண்ட்லர்' ஊராகியது. ஜேர்மன் மொழியில் பெண்டெல் என்றால் ஊசல். வீட்டுக்கும் வேலைக்குமிடையில் ஊசலாடுபவர் பெண்ட்லர்.

ஊசலாட்டம் நமக்கும் புதிதல்ல. கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்த ஒரு தலைமுறை, வெள்ளிக்கிழமை இரவு கோட்டையில் மெயில் றெயில் ஏறி, சனி விடியக் கொக்குவிலிலோ கோண்டாவிலிலோ சுன்னாகத்திலோ இறங்கி, ஞாயிறு இரவு மறுபடி ஏறியது. நமது மத்தியதர வர்க்கத்தின் வீடு, கல்வி, சீதனம் எல்லாவற்றையும் இந்த ஊசல்தான் தாங்கிநின்றது. 1990இல் யாழ்ப்பாண றெயில் நின்றது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை மறுபடி ஓடியது. இடையில் 24 ஆண்டுகள்.

இப்போது ஃபோவிங்கெல் ஸ்ரேசனுக்கு வருவோம். மேற்கு நோக்கிப் புறப்படும் எஸ்-8இன் அடுத்த தரிப்பு குறூய்ட்டன். சில நிமிடப் பயணம். அங்குதான் பாதை பிரிகிறது: ஒன்று டுசெல்டோர்ஃபுக்கு, மற்றது ஹான் வழியாகச் சோலிங்கனுக்கும் கேள்னுக்கும். பெண்ட்லருக்குக் குறூய்ட்டன் என்பது பத்திரிகையில் ஒரு பக்கம் புரட்டும் நேரம். ஆனால் அசூல் அடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வுப்பர்டாலில் ஹைம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1982இன் அகதி நடைமுறைச் சட்டப்படி அவர் தனக்குப் பொறுப்பான வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஆளுகைப் பிரதேசத்தை அனுமதியின்றி விட்டு வெளியேற முடியாது. குறூய்ட்டன் மெற்மன் மாவட்டம். எனவே சட்டம் நீண்டகாலம் எழுத்துப்படி இருந்த நாட்களில், அடுத்த ஸ்ரேசனில் இறங்கினாலே அவர் சட்டத்தை மீறியவர். முதல் முறை தண்டப்பணம். மறுபடி பிடிபட்டால் அது குற்றம், ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. றெசிடென்ஸ்ஃப்ளிக்ற் என்று சொல்லப்பட்ட இந்தக் கட்டுப்பாட்டின் கீழ் மச்சானின் பிள்ளையின் பிறந்தநாளுக்கு டுசெல்டோர்ஃப் போவதற்கும், ஹம் கோயில் தேருக்குப் போவதற்கும் கடிதம் வேண்டும். கடிதம் கொடுப்பதும் மறுப்பதும் மேசைக்கு அந்தப்புறம் இருப்பவரின் கையில்.

ஊர்ப் பிரிப்புக்காக வரையப்பட்ட ஒரு கோடு, யாரும் மதில் கட்டாமலேயே, ஒரு பகுதி மனிதருக்கு மதிலாகிவிட்டது. குப்பை வரியையும் பாடசாலைப் பிரிவையும் தீர்மானிக்கும் கோடு அது. அதைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகிற அதே றெயில் பெட்டியில், கறுத்த தலை ஒன்றைக் கண்டு பொலிஸ் பத்திரம் கேட்கும்போதுதான் அந்தக் கோடு தெரியவருகிறது.

நீதிமன்றம் என்ன சொன்னது? 1997 ஏப்ரலில் சமஷ்டி அரசியலமைப்பு நீதிமன்றம் இக்கட்டுப்பாடு அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்த்தது. இதே நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஜேர்மனியில் வேலைக்குப் போய்வரும் தூரத்துக்குக் கிலோமீற்றர் கணக்கில் வரிக்கழிவு உண்டு. வேலை என்பது தொழிற்சாலை வாசலில்தான் தொடங்குகிறது, அதற்கு முந்திய பயணம் தனிப்பட்ட விடயம் என்று சொல்லி, 2007 முதல் அரசாங்கம் முதல் 20 கிலோமீற்றருக்கான கழிவை நிறுத்தியது. 2008 டிசம்பர் 9ஆம் திகதி நீதிமன்றம் அது சமத்துவக் கோட்பாட்டுக்கு மாறானது என்று தீர்த்தது. ஃபோவிங்கெலிலிருந்து டுசெல்டோர்ஃப் ஏறத்தாழ அந்த 20 கிலோமீற்றர்தான். ஒரே பாதை, ஒரே தூரம். ஒருவருக்கு அதைக் கடப்பது அரசு ஈடுசெய்ய வேண்டிய சிரமம். மற்றவருக்கு அதைக் கடப்பது தண்டனைக்குரிய செயல். இரண்டு தீர்ப்புகளும் வெவ்வேறு சட்டக் கேள்விகளுக்கான பதில்கள் என்பது உண்மையே. ஆயினும் ஒரு சமூகம் யாருடைய அசைவைத் தன் செல்வமாகவும் யாருடைய அசைவைத் தன் அச்சமாகவும் கருதுகிறது என்பதை அவை சேர்ந்து காட்டுகின்றன.

அந்த அச்சத்துக்கு ஒரு காலமும் உண்டு. 1993 மே 26இல் ஜேர்மன் பாராளுமன்றம் அரசியலமைப்பின் அகதித் தஞ்ச உரிமையைத் திருத்தி, 'பாதுகாப்பான மூன்றாம் நாடு' வழியாக வருபவர் அதைக் கோர முடியாதவாறு செய்தது. மூன்று நாட்கள் கழித்து, மே 29 அதிகாலை, ஃபோவிங்கெலின் அயல் நகரான சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. இரண்டு பெண்களும் மூன்று சிறுமிகளும் இறந்தனர். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் அசூல்காரர் அல்ல. நெடுங்காலம் அங்கு வாழ்ந்தவர்கள். எல்லையை மூடச் சொல்லும் கோஷம் தெருவுக்கு இறங்கும்போது, அது யார் பத்திரத்தோடு வந்தவர், யார் இல்லாமல் வந்தவர் என்று பார்த்து நிற்பதில்லை.

றெசிடென்ஸ்ஃப்ளிக்ற்றுக்கு எதிராகத் தொடர்ச்சியாகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள், 1994இல் தூரிங்கனில் 'தி வொய்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கிய ஆபிரிக்க அகதிகள். அனுமதியின்றிக் கூட்டங்களுக்குப் போய், வேண்டுமென்றே சட்டத்தை மீறி, வழக்குகளை எதிர்கொண்டார்கள். எண்ணிக்கையில் அவர்களைவிடக் குறைவில்லாத நாம் என்ன செய்தோம் என்ற கேள்வியை இங்கே தவிர்க்க முடியாது. தனிப்பட்ட முறையில் எல்லோரும் மீறினோம், தண்டப்பணமும் கட்டினோம். ஆனால் அதை ஓர் உரிமைப் பிரச்சினையாக எழுப்பியது குறைவு. 'இருக்க விட்டதே பெரிது' என்ற மனநிலை ஒரு காரணம். இன்னொரு காரணம் சற்றுக் கசப்பானது.

1990களில் வவுனியாவிலிருந்து தெற்கே போகத் தமிழருக்கு இராணுவத்தின் பாஸ் தேவைப்பட்டது. அதைக் கண்டித்து நாம் நிறைய எழுதினோம், சரியாகவே எழுதினோம். அதே காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வெளியேறவும் பாஸ் வேண்டும். பிணைக்கு ஆள் வேண்டும். அதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர், எழுதியவர்கள் துரோகிகளாக்கப்பட்டனர். தன் மக்களின் நடமாட்டத்தைத் தன் இயக்கம் தடுத்தபோது அதற்கு நியாயம் கண்ட ஒரு சமூகம், அந்நிய நாட்டில் தன் நடமாட்டம் தடுக்கப்படும்போது எந்த வார்த்தைகளால் அதை எதிர்க்கும்? மூன்று பாஸ்களும் ஒன்றல்ல; ஜேர்மன் அலுவலகத்தில் துவக்கு இல்லை. ஆனால் மூன்றின் அடிப்படையும் ஒன்றே: இவருடைய அசைவு இவருக்குச் சொந்தமானதல்ல.

2010ஐ அடுத்த ஆண்டுகளில் பல மாநிலங்கள் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தின. 2015 ஜனவரி 1 முதல் பொதுவாக மூன்று மாதத்தின் பின் அது நீங்குகிறது. ஆயினும் ஆரம்ப வரவேற்பு முகாமில் தங்கியிருக்க வேண்டியவர்களுக்கு அது நீடிக்கலாம். 2019இன் சட்டத்திருத்தத்தின் பின் முகாமில் தங்கும் காலம் பொதுவாக 18 மாதம் வரை போகக்கூடும். 2023 மே முதல் ஒரே மாதச்சீட்டில் நாடு முழுவதும் பிரதேச றெயில்களில் போகலாம். சீட்டுக்கு மாவட்ட எல்லை இல்லை. மனிதருக்கு இன்னும் இருக்கிறது.

நமது பிள்ளைகள் இன்று பெண்ட்லர்கள். ஃபோவிங்கெலிலோ அது போன்ற நூறு ஊர்களிலோ ஏறி, குறூய்ட்டனைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த மறதியோடு, புதிதாக வரும் சிரியரையும் ஆப்கானியரையும் பார்த்து 'இவர்களை ஒரு இடத்தில் வைத்திருக்க வேண்டும்' என்று நம் வீட்டு மேசைகளிலேயே பேச்சு எழுகிறது. கடிதத்துக்காக மேசைக்கு இந்தப்புறம் நின்றவர்கள் நாம். அதை எழுதி வைக்காததால்தான் நம் பிள்ளைகளுக்கு அது தெரியாமற் போனது என்று நான் கருதுகிறேன். வேறு ஊர்களில் இருந்தவர்கள் தத்தம் ஊரின் 'அடுத்த ஸ்ரேசன்' பற்றி எழுத முன்வரவேண்டும்; மாற்றுக் கருத்துள்ளவர்கள் அதையும் எழுதவேண்டும்.