பாரவண்டியின் தட்டுயரமும் வில்லமைப்பும்

பொள்ளாச்சி–பாலக்காடு சாலையில் மாநில எல்லையை ஒட்டியுள்ள கோபாலபுரத்தின் வழியே சரக்கு வண்டிகள் பல செல்கின்றன. இத்தகைய சிறு பாரவண்டி டிரெய்லரையும் இழுக்குமாயின் அதன் தட்டும் வில்லும் எவ்வாறிருத்தல் வேண்டும்?

டிரெய்லரின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மீது அமர்கிறது. அச்சுகளின் இடைவெளி 3 மீட்டர் என்றும், பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னுள்ள கொக்கியை 150 கிலோகிராம் அழுத்துகிறது என்றும் கொள்வோம். வண்டி நெம்புகோல்போல் இயங்குவதால் பின்னச்சில் 200 கிலோகிராம் கூடும். முன்னச்சில் 50 கிலோகிராம் குறையும். முன்சக்கரங்களின் பிடிப்புத் தளர, திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும்.

மென்மையான சுருள்வில் சுகமான பயணம் தரும். ஆயினும் பளுவேறின் மிகத் தாழும். எஃகுப் பட்டைகளை அடுக்கிய பட்டைவில் பளுவைத் தாங்குவதோடு அச்சையும் இடம் பெயராது பிடிக்கும். காற்றுவில்லில் அழுத்தத்தைக் கூட்டித் தட்டை முன்னிருந்த உயரத்திற்குக் கொணரலாம். ஆனால் முன்னச்சு இழந்த பளு அதனால் மீளாது.

கொக்கியைத் தட்டின்மீது, பின்னச்சுக்கு நேர்மேலே பொருத்தினால் அவ்விழப்பு நேராது. அப்போதும் தட்டு தாழ்ந்திருத்தலே நன்று. உயர்ந்தால் டிரெய்லரின் முகப்பும் உயர்ந்து, வளைவில் கவிழும் அபாயம் மிகும்.

ஆதலின் வண்டி மட்டமாக நிற்பதை மட்டும் நம்பலாகாது. முன்னச்சைத் தனியே எடைமேடையில் நிறுத்துப் பார்ப்பதே ஓட்டுநரின் உயிருக்குக் காப்பாகும்.