அத்தாவின் பழைய கம்ப்யூட்டரில் கை வைக்கும் முன்



கல்வி உதவி விண்ணப்பம் நிரப்ப நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம், "வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா?" என்று கேட்போம். பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "இருக்கு. அத்தா மட்டும்தான் அதுல உட்காருவாங்க. ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வரலாம், அவ்வளவு ஸ்லோ."

சென்ற ஆண்டு நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் விடுமுறையில் வந்தார். அத்தாவின் கம்ப்யூட்டர் வேகமாக ஓடட்டும் என்று அங்கிருந்தே ஒரு புதிய ரேம் வாங்கி வந்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அது டி.டி.ஆர். 4 வகை. வீட்டில் இருந்ததோ டி.டி.ஆர். 2 காலத்து மெஷின். பொருந்தவில்லை. மனம் விடாமல் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "விண்டோஸ் மாத்திப் போட்டா சரியாயிரும்" என்றார்கள். மாலையில் வீடு வந்த கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. ஆனால் உள்ளே இருந்த எதுவும் இல்லை. மர்ஹூமா ஆகிவிட்ட அம்மாவின் கடைசி ரமலான் படங்கள், மகளின் நிகாஹ் வீடியோ, அத்தா பல வருடங்களாக எழுதி வைத்திருந்த தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு, எல்லாம் போய்விட்டன. கடைக்காரர் கேட்கவில்லை, மகனும் சொல்லவில்லை. அத்தாவிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரை. பழைய கம்ப்யூட்டரில் புதிய பாகம் போடுவது பெரிய வித்தையல்ல. பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடலாம். வரிசை மாறினால்தான் நஷ்டம்.

முதலில் அத்தாவின் பக்கத்தில் ஒரு நாள் சும்மா உட்காருங்கள். அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கிராஅத் கேட்கிறாரா, பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசுகிறாரா, பள்ளிவாசல் நோட்டீஸ் தமிழில் அடிக்கிறாரா, ஹஜ் கமிட்டி விண்ணப்பம் பார்க்கிறாரா? எந்த வேலையில் மெஷின் திணறுகிறது என்று அவர் வாயாலேயே கேளுங்கள். "அத்தா, இந்தக் குப்பையை இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க" என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு அவர் எதையும் சொல்ல மாட்டார்.

அடுத்தது, பாகம் வாங்கும் முன்பே, உள்ளே இருப்பதைக் காப்பி எடுப்பது. வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலோ பெரிய பென் டிரைவிலோ எடுங்கள். டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எடுத்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நம் பெரியவர்கள் சி டிரைவின் மூலையிலும் டி டிரைவிலும் "நியூ ஃபோல்டர் 2" என்ற பெயரில்தான் பொக்கிஷத்தை வைத்திருப்பார்கள். எடுத்த காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நாலு படத்தையாவது பார்த்த பிறகே அடுத்த வேலை.

இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரர் பலருக்கே இது நினைவில் வராது. அத்தா தமிழில் டைப் செய்பவர் என்றால், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். தமிழக அரசு 2010-இல்தான் யூனிகோடைத் தர எழுத்துருவாக ஏற்றது. அதற்கு முன்னும், பல ஆண்டு பின்னும் டி.டி.பி. கடைகளில் ஓடியது பழைய எழுத்துருக்களே. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அதே ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கிறுக்கலாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டதென்று அழித்தவர்களும் உண்டு. ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுங்கள்.

இனி மெஷினைப் பார்ப்போம். நம் பகுதி வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். மற்றது, அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிளஸ் 2 மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனம் வழியாக லட்சக்கணக்கில் லேப்டாப் வழங்கப்பட்டது. மகள் படித்து முடித்து, நிகாஹ் ஆகிப் போன பின், அந்த லேப்டாப் அத்தாவின் மேஜைக்கு வந்துவிட்டது. ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் இருக்கும்.

மெதுவாக ஓடினால் உடனே "ரேம் போடு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. பல நேரம் குற்றவாளி ரேம் அல்ல. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல், மெஷின் திணறும் நேரத்தில் 'டிஸ்க்' என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நின்றுகொண்டே இருந்தால், சுற்றும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். 'மெமரி' மட்டும் 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. இரண்டுமே நிறைந்திருந்தால் பெரும்பாலும் ரேம் பற்றாமல் டிஸ்க்கைத் துணைக்கு இழுக்கிறது.

ரேம் வாங்குவதாக இருந்தால் வகை முக்கியம். டி.டி.ஆர். 2, 3, 4 ஒவ்வொன்றிலும் கீழே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று இன்னொன்றின் இடத்தில் உட்காராது. அழுத்தினால் போர்டுதான் உடையும். லேப்டாப் ரேம் டெஸ்க்டாப் ரேமில் பாதி நீளம்தான். ஆகவே பழைய ரேமைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் கம்ப்யூட்டரையே கொண்டு போய், கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து அளவு பார்க்காமல் வாங்கி வருவது, அளவு கொடுக்காமல் தைத்த ஜிப்பா மாதிரிதான்.

இன்னொரு பொறி இருக்கிறது. மை கம்ப்யூட்டர் மீது வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' பாருங்கள். 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்' என்று இருந்தால், எவ்வளவு ரேம் போட்டாலும் அது 2 ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்ளாது. '32 பிட்' என்று இருந்தால் வீட்டு உபயோக விண்டோஸில் 4 ஜி.பி.தான் எல்லை. இதைப் பார்க்காமல் 8 ஜி.பி. வாங்குவது வீண்விரயம். ஜி31 சிப் உள்ள டெஸ்க்டாப் போர்டுகள் ஒரு காலத்தில் ஊரெங்கும் விற்றன. அவையும் 4 ஜி.பி.யோடு நின்றுவிடும்.

எங்களைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தில் ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் பெரும்பாலான வீடுகளில் எஸ்.எஸ்.டி.யை வாங்குங்கள் என்போம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் இதில் சுற்றும் பாகமே கிடையாது. 240 அல்லது 256 ஜி.பி. அத்தாவுக்குத் தாராளம். இரண்டரை அங்குல 'சாட்டா' வகை என்று கேட்டு வாங்குங்கள். இலவச லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும். டெஸ்க்டாப்பில் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் ஒயர் விரல் அகலத்துக்கும் குறைவாக இருந்தால் சாட்டா. நான்கு விரல் அகலத்துக்கு நாடா போலப் போனால் அது ஐ.டி.இ. என்ற மிகப் பழைய வகை. நாடா ஒயர் மெஷினுக்கு இனிமேல் செலவு செய்யாதீர்கள். உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு விடை கொடுத்துவிடலாம்.

எஸ்.எஸ்.டி. போடக் கடையில் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: "ஃபார்மட் வேண்டாம், குளோன் பண்ணிக் கொடுங்க." குளோன் என்றால் பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் பதிவது. ஐகான் இருந்த இடத்தில் இருக்கும், எழுத்துரு இருக்கும், கணக்கு சாஃப்ட்வேர் இருக்கும். அத்தாவுக்கு வேகம் மட்டுமே மாறியிருக்கும். அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

குளோன் செய்யும்போது விண்டோஸும் பழையதாகவே வரும் என்பதை மறக்க வேண்டாம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றது. குரோம் பிரவுசரும் 2023 தொடக்கத்தோடு அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாளாகிவிட்டது. தனியே பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதால் இந்த மெஷின்கள் எதிலும் முறைப்படி ஏறாது. படம், கணக்கு, நோட்டீஸ் ஆகியவற்றுக்குப் பழைய விண்டோஸ் போதும். பேங்க் வேலையையும் ஆதார் ஓ.டி.பி.யையும் அதில் செய்ய விடாதீர்கள். இன்டர்நெட்டுக்கு அதிகம் பயன்படுத்துபவர் என்றால் லினக்ஸ் போடலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இலவச லேப்டாப்களிலேயே சேர்ந்து வந்ததுதான். ஆனால் அத்தா சம்மதித்தால் மட்டும். அவர் ஊருக்குப் போன நேரம் பார்த்து மாற்றிவைக்கும் வேலை வேண்டாம்.

வீட்டிலேயே மாட்டுபவர்கள் காலையில் ஆரம்பியுங்கள். மஃரிபுக்குப் பிறகு தொடங்கினால், ஸ்க்ரூ கீழே விழும் நேரம் பார்த்துக் கரன்ட் போகும். பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்கும். டெஸ்க்டாப் ரேமை நேராக, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும். லேப்டாப்பில் சாய்வாகச் செருகிக் கீழே படுக்க வைக்க வேண்டும். ஆன் செய்ததும் நீளமாக பீப் அடித்தால் பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். கழற்றி, பொன்னிற முனையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி போடுங்கள்.

திறந்ததும் திறந்தோம், தூசியையும் பார்த்துவிடுங்கள். நம் கரிசல் மண்ணின் தூசி மாவு போல. மேல்காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். ஃபேனுக்கும் அதன் அடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போல அடைத்துக்கொள்ளும். சூடு வெளியே போக வழியில்லாமல் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது பாதியில் அணையும். பெயின்ட் பிரஷ்ஷும் கை புளோயரும் போதும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்க்கூட பாகத்துக்குச் செலவழிக்காமல் இதிலேயே சரியான மெஷின்களைப் பார்த்திருக்கிறோம்.

அதே நேரத்தில் போர்டில் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சி.ஆர். 2032 என்று அதன் மேலேயே இருக்கும். வாட்ச் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தவறினால் இணையதளங்கள் "பாதுகாப்பில்லை" என்று சொல்லித் திறக்க மறுக்கும். நெட் கெட்டுவிட்டது என்று அத்தா கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

வெப் கேமரா, பிரின்டர் போன்ற வெளிப்பொருள் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எந்த விண்டோஸ் என்று படித்துவிட்டு வாங்குங்கள். புதிய பிரின்டர்கள் பல விண்டோஸ் 7-இல் வேலை செய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பவர் பிளக்கோடு இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கி வைக்க வேண்டும் என்பதை அத்தாவுக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். மின்னல் அந்த ஒயர் வழியாகவும் வரும்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, பத்திர நகல் எல்லாம் அதில் இருக்கிறது. யூ.எஸ்.பி. உறை ஒன்று வாங்கி அதற்குள் போட்டால் அதுவே காப்பி டிஸ்க் ஆகிவிடும். அதன் மேல் ஒரு சீட்டில் தேதியும், "படங்கள், கணக்கு, ஃபான்ட்ஸ்" என்றும் எழுதி ஒட்டி, அத்தாவின் கையிலேயே கொடுங்கள். பீரோவில் எந்தத் தட்டில் வைப்பது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.